'தான்' என்ற சொல்லுக்கு ஐந்து மதிப்பெண்

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதிரில் இருப்பவர் வாயை மூடிவிட்டால், அவர் நம் கட்சிக்கு வந்துவிட்டார் என்று நம்பிவிடுவோம். அவர் களைத்துப்போயிருக்கலாம், பேருந்துக்கு நேரமாகியிருக்கலாம், இந்தப் பெண்ணிடம் பேசிப் பயனில்லை என்று முடிவுகட்டியிருக்கலாம். இவற்றில் எதுவும் எங்கள் கவனத்துக்கு வராது. மௌனம் என்றால் வெற்றி; கைதட்டல் என்றால் பெருவெற்றி. எனக்கு இந்த நோய் கல்லூரியின் முதலாண்டில் தொற்றியது. திருப்பூரில் ஒரு நைட்டியால் குணமானது. (முழுக்கக் குணமாகிவிட்டதா என்று என் தம்பியைக் கேட்டுவிடாதீர்கள்.)

நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். படித்தது ஆடை வடிவமைப்பு, பயின்றது பட்டிமன்றம். எந்தத் தலைப்பிலும், எந்த அணியிலும், முன்னறிவிப்பின்றிப் பத்து நிமிடம் பேசுவேன். ஒருமுறை காலையில் கூட்டுக்குடும்பமே சிறந்தது என்றும், மாலையில் வேறொரு கல்லூரியில் தனிக்குடும்பமே சிறந்தது என்றும் பேசி, இரண்டிலும் கோப்பை வாங்கினேன். அதைத் திருப்பூரில் நேர்முகத் தேர்வின்போது பெருமையாக வேறு சொன்னேன். முதலாளி சிவசாமி சார் தலையை ஆட்டி, "நல்லாப் பேசறீங்க" என்றார். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவருடைய கம்பெனி அதுவரை பிறருக்குத் தைத்துக்கொடுத்தே பிழைத்தது. சீசன் முடிந்தால் ஆர்டர் நின்றுவிடும். ஆர்டர் நின்றால் இரண்டாவது லைன் நின்றுவிடும். எட்டு மெஷின்கள், எட்டு டெய்லர்கள். அந்த மாதங்களில் அவர்கள் வேறு கம்பெனி தேடிப் போவார்கள். சீசன் திரும்பும்போது அவர்களில் பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள். இதற்கு ஒரே வழி, சீசனே பார்க்காத ஒரு சரக்கைச் சொந்தப் பெயரில் தைப்பது என்று சார் முடிவெடுத்தார். "எட்டு மிசினும் வருசம் பூரா ஓடோணும். அதுக்கு ஒரு ஐட்டம் கண்டுபுடிச்சுக் குடுங்க" என்று என்னிடம் சொல்லி, புதிய பொருள்களை உருவாக்கும் தரமுறையைக் கற்றுவரக் கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார்.

இரண்டாவது லைனில் முதல் மெஷின் ராபியா அக்காவுடையது. சாம்பிள் தைப்பதும் அவர்தான். வீடு அடுத்த தெரு. மதியம் வீட்டுக்குப் போய்ப் பள்ளியிலிருந்து வரும் மகளுக்குச் சோறு போட்டுவிட்டு, பெல் அடிப்பதற்குள் திரும்பிவிடுவார். லைன் நின்றால் பல்லடம் ரோட்டுக் கம்பெனிக்குப் பஸ் ஏற வேண்டும்; மதியச் சோறு கிடையாது. பயிற்சி முடிந்து வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "மேடம், இந்த வருசமாச்சும் லைன் நிக்காம ஓடுங்களா?"

"ஓடும் அக்கா" என்றேன். அதற்கு முன் இரண்டு நொடி மௌனம் காத்தேன். (மேடையில் அதற்குப் பெயர் அழுத்தம்.)

அந்தப் பயிற்சியைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. அது அருமையான முறை. தேவையை வரையறு, அளவிடு, அலசு, வடிவமை, சரிபார் என்று ஐந்து படிகள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரையச் சொன்னார்கள்; அந்தப் படம் பார்ப்பதற்கு வீடு போலவே இருக்கும். இடப்பக்கச் சுவரில் வாடிக்கையாளரின் விருப்பங்களை, அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே எழுத வேண்டும். நடுவில், அவற்றை நிறைவேற்ற நாம் செய்யப்போகும் அம்சங்கள். மேலே முக்கோணக் கூரையில், ஓர் அம்சம் இன்னோர் அம்சத்தோடு எங்கே மோதுகிறது என்று குறிக்க வேண்டும். பயிற்சியாளர் மூன்று முறை சொன்னார்: "கூரையைக் காலியாக விடாதீர்கள். வீடு ஒழுகுவது அங்கேதான்."

பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளை எட்டடி நீளத்துக்குக் கிழித்து, சாம்பிள் அறைச் சுவரில் ஒட்டி, வீடு வரையத் தொடங்கினேன். இரண்டே நாளில் கம்பெனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"மேடம் ஊடு கட்டறாங்களாமா."

"ஏனுங்க மேடம், வாசலுக்கு நெலவு வெச்சாச்சுங்களா?"

"பால் காச்சறன்னைக்கு எங்களுக்கும் சொல்லி உடுங்க."

ராபியா அக்கா மட்டும் தினமும் வந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு அது விளையாட்டாக இல்லை.

பொருளைக் கண்டுபிடித்தது நான்தான். இப்போதும் சொல்வேன், அந்தக் கவனிப்பு பொய்யில்லை. திருப்பூரில் அம்மா, தம்பியோடு நான் குடியிருந்த வாடகை வீட்டில் காஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும், நைட்டியில் இருக்கும் அம்மா துண்டைத் தேடி வீடு முழுக்க ஓடுவார். துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளாமல் கதவைத் திறப்பதில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் இதே ஓட்டம். ஆகவே, தோளிலேயே துண்டு சேர்த்துத் தைக்கப்பட்ட நைட்டி. தேட வேண்டாம், ஓட வேண்டாம். எழுதும்போதே எதுகை அமைந்துவிட்டது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்து வாடிக்கையாளரின் குரல். ஒரு மாதிரியைத் தைத்து எடுத்துக்கொண்டு அவினாசி, சேவூர், குன்னத்தூர் என்று சுற்றி, அறுபத்திரண்டு பெண்களைச் சந்தித்தேன். பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த கேள்வி, "கதவு தட்டும்போது என்ன செய்வீர்கள்?" என்பது. எனக்கு அது உப்பில்லாமல் தோன்றியது. நான் கேட்டது இது: "கதவு தட்டப்படும் அந்த நொடியில், துண்டைத் தேடி அலைகிற இந்த அவலம் இனியும் தொடர வேண்டுமா?"

"வேண்டாமுங்க" என்றார்கள் அறுபத்திரண்டு பேரும். (வேறென்ன சொல்வார்கள், பாவம்.)

யாராவது "இல்லீங்க, வந்துட்டு..." என்று தொடங்கினால், அதை எதிரணியின் வாதமாக எடுத்துக்கொண்டு மூன்று குறிப்புகளில் தகர்ப்பேன். தகர்த்து முடித்தபின், "இப்போது சொல்லுங்கள், எப்படி இருக்கிறது?" என்று பேனாவோடு நிற்பேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதினேன். அந்த நைட்டிக்காக அலைந்த மூன்று மாதங்களில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

பிறகு அந்தச் சொற்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். இங்கேதான் என் தமிழறிவு என்னைக் கவிழ்த்தது. 'நல்லா இல்லீங்க' என்றால் ஒன்று. அப்படி ஒருவரும் சொல்லவில்லை. 'பரவால்லீங்க' என்றால் மூன்று. 'நல்லா இருக்குதுங்க' என்றால் நான்கு. ஆனால் பெரும்பாலோர் சொன்னது, 'நல்லாத்தானுங்க இருக்குது'. நான் யோசித்தேன். 'தான்' என்பது தேற்றப்பொருளில் வரும் இடைச்சொல், உறுதியைக் காட்டுவது. வெறுமனே நன்றாக இருப்பதைவிட, உறுதியாக நன்றாக இருப்பது ஒருபடி மேல் அல்லவா? ஆகவே ஐந்து. முழு மதிப்பெண். இலக்கணத்தை வணிகத்துக்குப் பயன்படுத்திய முதல் பெண் நானாகவே இருப்பேன் என்று அன்று பூரித்துப்போனேன்.

கூரை மிச்சமிருந்தது. அதை நிரப்பும் வாய்ப்பும் வந்தது. இறுதி சாம்பிளைத் தைக்க உட்கார்ந்த ராபியா அக்கா, துண்டைத் தோள் தையலில் வைத்துப் பிடித்தபடி ஊசியை இறக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், இதைச் சேத்துத் தைச்சுட்டா, அப்பறம் இது துண்டு இல்லீங்களே."

ஐந்து நிமிடம் பதில் சொன்னேன். பிரிந்திருப்பதன் பலவீனம், இணைந்திருப்பதன் வலிமை, மாற்றத்தைக் கண்டு அஞ்சும் மனித இயல்பு. முடிவில் அவர், "சரிங்க" என்று சொல்லி மெஷினை மிதித்தார். 'சேர்ந்த துண்டு' என்ற அம்சமும் 'துண்டாகப் பயன்படுவது' என்ற அம்சமும் மோதும் அந்தக் கட்டம் கூரையில் காலியாகவே இருந்தது. எதிரணிக்கு இடம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

சோதனைகள் எல்லாவற்றிலும் நைட்டி தேறியது. துவைத்தால் சுருங்கவில்லை, சாயம் போகவில்லை, தோள் தையலை இருவர் நின்று இழுத்தும் பிரியவில்லை. (அந்தத் தையலின் உறுதியைப் பற்றிப் பின்னர் நேரடி அனுபவமே கிடைத்தது.) ஐந்தாம் படியான சரிபார்ப்புக்கு, பத்துப் பெண்களிடம் கொடுத்து ஒரு வாரம் வீட்டில் உடுத்தச் சொல்ல வேண்டும் என்பது விதி. கடைக்காரர்கள் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. எனவே, செக்கிங் பிரிவிலிருந்து மூன்று பெண்களை அழைத்து, கண்ணாடி முன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூவரும் ஒரே குரலில், "நல்லாத்தானுங்க இருக்குது." பதினைந்துக்குப் பதினைந்து.

கூட்டத்தன்று காலை பதினொரு மணிக்குத் தாராபுரம், குன்னத்தூர், சேவூர் எனப் பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு ஜவுளிக்கடைக்காரர்கள் வந்து அமர்ந்தார்கள். செக்கிங் டேபிள்களைத் தள்ளிவைத்து நாற்காலி போட்டிருந்தோம். மைக் இருந்தது. மைக் இருந்தால் நான் நானாக இருப்பதில்லை.

என் திட்டம் இது. சுடிதாரின் மேல் அந்த நைட்டியை அணிந்து நான் சாம்பிள் அறைக்குள் இருப்பேன். வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தட்டுவார். ஒரு நொடியும் தாமதிக்காமல், தோளில் துண்டோடு நான் வெளியே வருவேன். கதவை ஓங்கிச் சாத்துவேன். அந்த ஓசை அடங்குவதற்குள் மைக்கில் முதல் வாக்கியம் ஒலிக்கும்.

எல்லாம் சொன்னபடியே நடந்தது. தட்டினார்கள், வந்தேன், சாத்தினேன். மைக்கை நோக்கி மூன்று அடி எடுத்துவைத்தேன். நான்காவது அடி நிகழவில்லை. துண்டின் முனை கதவிடுக்கில் மாட்டியிருந்தது. அந்தக் கதவோ இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. சாவி உள்ளே, என் கைப்பையில்.

பின்னலாடைத் துணிக்கு ஒரு குணம்: இழுத்தால் நீளும், நீண்டது திரும்பும். நான் ஓரடி முன்னேறுவதும், துணி என்னை ஓரடி பின்னுக்கு அழைத்துக்கொள்வதுமாகச் சிறிது நேரம் கழிந்தது. வேறு எந்தத் துண்டாக இருந்தாலும் தோளிலிருந்து நழுவியிருக்கும், விட்டுவிட்டு நடந்திருப்பேன். இது சேர்த்துத் தைத்தது. அதுவும் இருவர் இழுத்தும் பிரியாத தையல். உள்ளே சுடிதார் இருந்ததால் நைட்டியைக் கழற்றியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு கடைக்காரர்கள் முன்னிலையில் நைட்டியைக் கழற்றிய பெண் என்ற பெயரோடு ஊர் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

அறிவுள்ள பெண், "ஒரு நிமிடம்" என்று சொல்லியிருப்பாள். நான் பேச்சாளி. கையை நீட்டினேன், யாரோ மைக்கை எடுத்துவந்து கொடுத்தார்கள். "அவையோரே, பிரிக்க முடியாத பிணைப்பே இந்த ஆடையின் சிறப்பு" என்று தொடங்கினேன். முழு உரையையும், கதவில் கட்டப்பட்ட கன்றுக்குட்டி போல் நின்று ஆற்றினேன்.

நடுவில் ராபியா அக்கா நூல் வெட்டும் கத்தரியோடு ஓசையின்றிப் பக்கத்தில் வந்தார். "மேடம், வெட்டிரட்டுங்களா?"

மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னேன்: "இருங்க அக்கா, முடிவுரை வரட்டும்."

அவர் கத்தரியைப் பிடித்தபடியே என் முடிவுரைக்காகக் காத்து நின்றார்.

முன்வரிசையில் தாராபுரத்துக் கடைக்காரர், வயதானவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். "ஏனுங்க, அந்தப் புள்ள ரொம்ப நேரமா அங்கயே நிக்குது. ஒரு சேராச்சும் எடுத்துப் போடச் சொல்லுங்க." யாரும் சிரிக்கவில்லை. கொங்கு நாட்டு மரியாதையின் முழு எடையும் அன்று என்மேல் இறங்கியது. சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன்.

முடிவுரை முடிந்தது. ராபியா அக்கா வெட்டினார். தோளில் ஒரு சாண் துண்டு தொங்க, கருத்துப் படிவங்களைச் சேகரித்தேன். பன்னிரண்டு படிவங்களிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம்: நல்லாத்தானுங்க இருக்குது, பாக்கலாமுங்க. மனத்துக்குள் கூட்டினேன். ஐந்து, ஐந்து, ஐந்து. எல்லாரும் கும்பிட்டு விடைபெற்றார்கள். ஆர்டர் தாள் வெறுமையாக இருந்தது. மறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன்.

கூடம் காலியான பிறகு சிவசாமி சார் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்றேன்.

"சார், பேச்சு எப்படி இருந்தது?"

அவர் என்னைப் பார்த்தார். தோளில் தொங்கிய சாண் துணியைப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க பேசுனீங்க."

நான் காத்திருந்தேன். வாக்கியம் முடிந்துவிட்டது, ஆனால் முடியவில்லை. அதன் பின்னால் ஓர் 'ஆனால்' நின்றுகொண்டிருந்தது. உள்ளே வர அனுமதி கேட்டு, கேட்கக் கூச்சப்பட்டு, வாசலிலேயே நின்றது. நேர்முகத் தேர்வில் இதே மனிதர் 'நல்லாப் பேசறீங்க' என்றுதான் சொல்லியிருந்தார். அதில் 'தான்' இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் முழுவதும் அந்த ஓர் இடைச்சொல்லில் அடங்கியிருந்தது.

நைட்டியைக்கூட மாற்றாமல், பூட்டிய கதவைத் திறக்க ஆள் வரும்வரை அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்திருந்தேன். திறந்ததும் நோட்டை எடுத்தேன். அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் 'தான்' போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பெண்கள், வீடு தேடி வந்த ஓர் அந்நியப் பெண்ணின் மனம் நோகாமல், தங்களால் இயன்ற அளவு உரக்க 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். நான் அத்தனைக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். 'தான்' என்ற நினைப்பில்லாமல் எதையும் கேட்கத் தெரியாதவளுக்கு, பிறருடைய 'தான்' எப்படிக் கேட்கும்?

மறுநாள் குன்னத்தூருக்குப் பஸ் ஏறினேன். நோட்டில் அந்த ஊர்ப் பக்கத்தில் முதல் பெயர் ருக்மணி அம்மா. மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையோடு சேர்ந்த வீடு. கல்லாவில் இருந்தார்.

"அம்மா, அன்னைக்கு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்க. அந்தத் 'தானு'க்கு அப்புறம் ஏதோ சொல்ல வந்தீங்க. அதைக் கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எங்க கண்ணு சொல்ல உட்ட?"

போன முறை வாக்கியத்துக்கு வாக்கியம் வந்த 'ங்க' காணாமற்போயிருந்தது. உண்மை தொடங்கப்போகிறது என்பதற்கு அதுவே அறிகுறி என்று எனக்குப் புரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை.

"துண்டுன்னா அது கதவு தொறக்க மட்டுமா? சோத்துக் குண்டாவ அதுலதான் எறக்கறேன். மொகம் தொடைக்கறேன். பேரன் மூக்குச் சிந்தறான். பருப்பு காயப்போட்டா காத்துக்கு மூடறேன். மழைன்னா தலைக்கு. மத்தியானம் படுத்தா அதையே சுருட்டித் தலைக்கு வெக்கறேன். உன்ற நைட்டியில தலைக்கு வெக்கோணும்னா நான் என்னத்தப் பண்றது, கழுத்தத் திருப்பிக்கிட்டுப் படுக்கறதா? அடுப்புகிட்ட நின்னா முனை கொழம்புல உழுகும். துண்டு அழுக்காச்சுன்னா துண்ட மட்டும் தொவைப்பேன். இதுல நைட்டியோட ஊறப்போடோணும்." மூச்சு விட்டார். "ஆனா தேடறது இருக்குதே, அது நெசந்தான். நீ சொன்னதுல அது ஒண்ணு நெசம்."

அரைமணி நேரம் பேசினார். பள்ளி நாட்களுக்குப் பிறகு, எதிர்வாதம் தயாரிக்காமல் நான் கேட்ட முதல் உரை அது. பஸ்ஸில் திரும்பும்போது கூரையின் காலிக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதன் கீழே ராபியா அக்கா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன்: 'சேத்துத் தைச்சுட்டா, அப்பறம் இது துண்டு இல்லீங்களே.' மொத்த முறையும் அந்த ஒரு வரியில் இருந்தது. எட்டடித் தாளில் நான் தேடியது என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆண்டு இரண்டாவது லைன் ஐந்து வாரம் நின்றது. இதை நகைச்சுவையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ராபியா அக்கா டிபன் கேரியரோடு பல்லடம் ரோட்டுக்குப் பஸ் ஏறுவதைக் காலையில் என் ஸ்கூட்டரிலிருந்து பார்ப்பேன். ஒருநாள் நிறுத்தி, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றேன்.

"அதுக்கென்னங்க மேடம்" என்றார். பிறகு, பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "துண்டை ரெண்டு பிரஸ் பட்டன்ல மாட்டுனா தோள்லயும் நிக்கும், வேணும்னா கையோட வந்துரும். மொதல்லயே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க மனுச இயல்புன்னு என்னமோ சொல்லிட்டு இருந்தீங்க."

லைன் மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்த எட்டுப் பேரில் ஆறு பேரே வந்தார்கள். அவர் வந்தார். வந்த முதல் வாரத்தில் பட்டன் வைத்த சாம்பிளைத் தைத்தார். இம்முறை பத்துப் பெண்களிடம் கொடுத்து ஒரு வாரம் உடுத்தச் சொன்னேன். நான் எதுவும் பேசவில்லை, மறு வாரம் போய், "என்ன கஷ்டம்?" என்று மட்டும் கேட்டேன். இருபத்தேழு குறைகள் வந்தன. பட்டன் தோளில் குத்துகிறது என்பதில் தொடங்கி, துண்டு இன்னும் ஒரு முழம் நீளமாக இருந்தால் பேரனுக்குத் தூளி கட்டலாம் என்பது வரை. (தூளிக் கோரிக்கையை மட்டும் நிராகரித்தோம்.) முதல் ஆர்டர் தாராபுரத்துப் பெரியவருடையது. சாம்பிளைக் கையில் வாங்கி, பட்டனைக் கழற்றி, துண்டைத் தனியே உதறிப் பார்த்துவிட்டு, "இப்பக் கையோட வருதுங்க" என்றார். அடுத்த ஆண்டு ஆர்டர் இல்லாத மாதங்களிலும் இரண்டாவது லைன் ஓடியது. இன்றும் ஓடுகிறது. ராபியா அக்கா மதியம் வீட்டுக்குப் போய்வருகிறார்.

சாம்பிள் அறைக் கதவில் நூல் பிரிந்த ஒரு சாண் துணி ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அது என்னவென்று கேட்டால், "மேடம் ஊட்டுக்குப் பால் காச்சுன அன்னைக்கு மிஞ்சுனது" என்று பதில் வரும்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் கதவைச் சாத்தும்போதெல்லாம் தம்பி உள்ளேயிருந்து, "எக்கா, எல்லாம் வெளிய வந்துருச்சா, இல்ல ஏதும் உள்ள மாட்டிக்கிருச்சா?" என்று கேட்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைக்கிறேன். முதல் கவளத்தை வாயில் வைத்து, மென்று, விழுங்கி, என் முகத்தைப் பார்த்து, "நல்லா" என்று சொல்லிவிட்டு நிறுத்துவான். இரண்டு நொடி. அழுத்தம் கொடுக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அந்த இரண்டு நொடியும் நான் கரண்டியைப் பிடித்தபடி, அடுத்து வருவது 'இருக்கு'வா, 'த்தான்'னா என்று காத்து நிற்பேன்.